பின்னத்துக்குள் அடங்கிய அதிர்வு

விமான இறக்கையின் நுனியில் சுத்தியலால் லேசாகத் தட்டினால், உடலோடு அது சேரும் இடம் எவ்வளவு அதிரும்? தட்டும் வேகத்தைக் கூட்டினால் அதிர்வு கூடுமா, குறையுமா? எந்த வேகத்தில் ஆபத்து? இத்தனை கேள்விகளுக்கும் பொறியாளர்கள் ஒரே பின்னத்தில் பதில் எழுதுகிறார்கள். பின்னத்தின் மேலே ஒரு பல்லுறுப்புக் கோவை, கீழே ஒரு பல்லுறுப்புக் கோவை. டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்று அவர்கள் அழைக்கும் இந்தப் பின்னம் தொலைபேசிக் கம்பியில் வளர்ந்து, விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் போய், கடைசியில் கணினி மென்பொருளுக்குள் குடியேறியது. போன இடமெல்லாம் அது பயன்பட்டது. ஆனால், அதை எண்களாக எழுதி வைக்கும் விதத்தில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருந்தது. அந்த ஆபத்தைக் கண்டுபிடித்து அதற்கு மாற்று வழிகள் தேட இத்துறைக்கு அரை நூற்றாண்டு ஆனது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ நிறையுள்ள இரும்புக் குண்டு ஒரு சுருள்வில்லில் கட்டப்பட்டிருக்கிறது. வில்லின் விறைப்பு மீட்டருக்கு 10,000 நியூட்டன். ஆட்டத்தை அடக்கும் தணிப்பு மீட்டருக்கு 2 நியூட்டன்-விநாடி. இதன் பின்னத்தில் மேலே 1. கீழே, எஸ் என்ற மாறியில், எஸ் வர்க்கம் + 2 எஸ் + 10,000. நிறை வர்க்கத்தோடும், தணிப்பு எஸ்ஸோடும், விறைப்பு மாறிலியாகவும் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கலாம். ஒரு நியூட்டன் விசையை அசையாமல் கொடுத்தால் குண்டு 0.1 மில்லிமீட்டர் நகரும். அதே ஒரு நியூட்டனை விநாடிக்கு ஏறக்குறைய 16 முறை முன்னும் பின்னுமாகக் கொடுத்தால் 5 மில்லிமீட்டர் ஆடும். ஐம்பது மடங்கு! கீழே உள்ள கோவையின் மூலங்களைக் கண்டுபிடித்தால் −1 என்ற மெய்ப்பகுதியும், கூட்டியும் கழித்தும் 100 என்ற கற்பனைப் பகுதியும் வரும். அந்த 100 எந்த வேகத்தில் ஆடும் என்பதைச் சொல்கிறது. −1 எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்கிறது. பகுதியின் இந்த மூலங்களுக்குத் துருவங்கள் என்று பெயர். அதிர்வைப் பற்றி அறிய வேண்டியதில் பெரும்பங்கு துருவங்களில் இருக்கிறது.

ஒரு குண்டுக்கு இரண்டாம் படிக் கோவை போதும். இருபது விதமாக அதிரக்கூடிய இறக்கைக்கு நாற்பதாம் படி வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

இந்த எழுத்துமுறையின் வேர் ஆலிவர் ஹெவிசைடிடம் இருக்கிறது. லண்டனில் பிறந்து, தந்தி இயக்குநராக வேலை பார்த்து, பல்கலைக்கழகப் படியேறாமல் தானே கணிதம் கற்றவர். காலத்தைப் பொறுத்து வகையிடுதலுக்கு பி என்று ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு, அதைச் சாதாரண எண்போலவே கூட்டினார், பெருக்கினார், வகுத்தார். வகைக்கெழுச் சமன்பாடு அவர் கையில் இயற்கணிதப் பின்னமானது. விடைகள் சரியாக வந்தன, நிறுவல்தான் இல்லை. 1893-இல் அவருடைய கட்டுரையின் முதல் இரண்டு பகுதிகளை வெளியிட்ட ராயல் சொசைட்டி, அடுத்த ஆண்டு மூன்றாவது பகுதியை மறுத்துவிட்டது. அது அறிவுலகத்துக்கு நேர்ந்த இழப்பு என்றே சொல்ல வேண்டும். பின்னால் வந்தவர்கள் லாப்லாஸ் உருமாற்றத்தின் துணையோடு அந்த முறைக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் இரண்டாம் ஆண்டுப் பொறியியல் மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

அடுத்த பெரிய அடியை வைத்தது தொலைபேசி. ஒரே கம்பியில் பல பேச்சுகளை அனுப்ப, அலைவரிசைகளைப் பிரிக்கும் வடிகட்டிகள் தேவைப்பட்டன. 1924-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யைச் சேர்ந்த ரொனால்ட் ஃபாஸ்டர் ஓர் அழகான தேற்றத்தை வெளியிட்டார். சுருளும் மின்தேக்கியும் மட்டுமே கொண்ட, மின்தடை இல்லாத எந்தச் சுற்றை எடுத்துக்கொண்டாலும், அதன் இரு முனைகளில் அளக்கும் மின்மறுப்பு இரண்டு பல்லுறுப்புக் கோவைகளின் விகிதம்தான். அதன் துருவங்களும், மேலே உள்ள கோவையின் மூலங்களான பூச்சியங்களும் மாறி மாறித்தான் வரும்; இரண்டு துருவங்கள் அடுத்தடுத்து வரவே வராது.

அதிர்வுச் சோதனை செய்கிறவர்கள் இன்றும் இந்தத் தேற்றத்தைத் தினமும் பயன்படுத்துகிறார்கள், பலரும் ஃபாஸ்டரின் பெயர் தெரியாமலேயே. தட்டிய இடத்திலேயே அதிர்வை அளந்தால் வரைபடத்தில் இரண்டு மேடுகளுக்கு நடுவே கட்டாயம் ஒரு பள்ளம் இருக்க வேண்டும். பள்ளம் காணவில்லை என்றால் உணரி தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது தட்டிய திசை பிசகியிருக்கிறது. சோதனைக்கூடத்துக்கு வரும் புதிய ஆளுக்கு முதலில் கற்றுத்தரும் சோதனை இது.

தொலைபேசிக் கணக்கு இறக்கைக்குப் பொருந்துவது தற்செயலல்ல. நிறையின் இடத்தில் மின்தேக்கி, வில்லின் இடத்தில் சுருள், விசையின் இடத்தில் மின்னோட்டம், திசைவேகத்தின் இடத்தில் மின்னழுத்தம் என்று வைத்தால் இரண்டின் சமன்பாடுகளும் ஒன்றே. கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் இந்த ஒப்புமையை வைத்து ஒரு பெரிய மின் அனலாக் கணினியே கட்டினார்கள். விமான இறக்கையைச் சுருள்களும் மின்தேக்கிகளும் மின்மாற்றிகளும் சேர்ந்த சுற்றாக அமைத்து, அதில் மின்னோட்டம் பாய்ச்சி, எங்கே அதிரும் என்று மீட்டரில் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் பழகியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் மக்நீல். மீள்தன்மையுள்ள கட்டமைப்புகளுக்கான மின்சுற்று ஒப்புமைகளைப் பற்றி 1962-இல் ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டு ராபர்ட் ஷ்வெண்ட்லருடன் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார். எம்.எஸ்.சி. என்று இன்று பொறியாளர்கள் அறிந்த நிறுவனம் அது.

அந்தச் சமயத்தில் நாசாவின் ஒவ்வொரு ஆய்வு மையமும் கட்டமைப்புக் கணக்குக்குத் தனித்தனி நிரல் எழுதிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று 1960களின் நடுவில் முடிவாயிற்று. காடர்ட் விண்வெளி மையத்தின் மேற்பார்வையில், மக்நீலின் நிறுவனமும் சேர்ந்த ஒரு குழு அதை உருவாக்கியது. அதுதான் நாஸ்ட்ரான். 1970களின் தொடக்கத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் உலகில் பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவற்றின் கணக்கில் அதன் ஏதோ ஒரு வாரிசுக்குப் பங்கு உண்டு.

நாஸ்ட்ரானுக்குள் விவரங்கள் போனது துளை அட்டை வழியாக. ஒரு அட்டைக்கு 80 பத்திகள். எட்டு எட்டாகப் பிரித்தால் பத்துக் கட்டங்கள். அந்த அட்டைகளில் ஒன்றின் பெயர் டி.எஃப்., அதாவது டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். விமானமோ ராக்கெட்டோ வெறும் உலோகக் கூடு அல்லவே! சுழல்மானி அதிர்வை உணர்கிறது, தானியங்கி ஓட்டி கட்டளை கொடுக்கிறது, அழுத்த எண்ணெய்ப் பொறி சுக்கானை அசைக்கிறது, சுக்கான் மறுபடியும் கூட்டை அதிர வைக்கிறது. இந்தச் சங்கிலியில் உலோகம் அல்லாத கண்ணிகளைக் கணக்குக்குள் கொண்டுவருவதற்கான கதவு அந்த அட்டை. ஹெவிசைடின் பி என்ற அதே எழுத்தைத்தான் நாஸ்ட்ரானின் கோட்பாட்டுக் கையேடும் வகையிடுதலுக்குப் பயன்படுத்தியது.

அட்டையை நிரப்புவது எளிது. ஓர் இயக்கி கட்டளைக்கு உடனே பணியாமல், 0.05 விநாடி கால மாறிலியோடு மெல்ல வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டுக்கு மூன்று எண்கள் எழுத வேண்டும்: 1, 0.05, 0. உள்ளீட்டுக்கு மூன்று எண்கள்: −1, 0, 0. அவ்வளவுதான். முதல் எண் மாறிலி, இரண்டாவது பியின் கெழு, மூன்றாவது பி வர்க்கத்தின் கெழு. நான்காவதுக்கு இடமே கிடையாது. நிரல் அந்த மூன்றையும் வாங்கி முதலாவதை விறைப்பு அணியிலும், இரண்டாவதைத் தணிப்பு அணியிலும், மூன்றாவதை நிறை அணியிலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரும்புக் குண்டின் பின்னத்தில் பார்த்த அதே மூன்று இருக்கைகள். மூன்றாம் படியோ ஐந்தாம் படியோ உள்ள இயக்கி வேண்டுமென்றால், கட்டமைப்பில் எங்கும் இல்லாத கூடுதல் புள்ளிகளைக் கற்பனையாக உருவாக்கி, சிறு சிறு பின்னங்களாகத் தொடுக்க வேண்டும்.

வேலை கூடுகிறதே என்று அலுத்துக்கொண்ட இளம் பொறியாளர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். பத்தாம் படிக் கோவையை அப்படியே எழுத ஓர் அட்டை கொடுத்திருக்கக் கூடாதா? கட்டமைப்பு அணிகள் மூன்றுதான் என்பது அதற்கு நேரடி விடை. ஆனால், இந்தக் கட்டுப்பாடு பயனாளியை எவ்வளவு பெரிய பள்ளத்திலிருந்து காத்தது என்பதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஆலன் டூரிங்கின் வடிவமைப்பிலிருந்து பைலட் ஏஸ் என்ற கணினி உருவாகி 1950-இல் ஓடத் தொடங்கியது. டூரிங்குக்கு உதவியாளராக வந்த ஜேம்ஸ் வில்கின்சன், கோவைகளின் மூலங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதி அதைச் சோதிக்க விரும்பினார். விடை முன்கூட்டியே தெரிந்த கோவை வேண்டும். 1 முதல் 20 வரையுள்ள முழு எண்களை மூலங்களாகக் கொண்ட இருபதாம் படிக் கோவையை எடுத்துக்கொண்டார். மூலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாக விலகி நிற்கின்றன. இதைவிடச் சாதுவான கணக்கு இருக்க முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்தக் கோவையில் பத்தொன்பதாம் படியின் கெழு −210. அதை ஏழாவது தசம இடத்தில், ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மாற்றினால் என்ன ஆகும்? வில்கின்சன் எடுத்த மாற்றம் இரண்டின் 23-ஆம் அடுக்கில் ஒரு பங்கு, தசமத்தில் 0.00000012. மூலங்களில் பத்து, அதாவது பாதி, மெய்யெண்களாக இருப்பதையே விட்டுவிட்டு ஐந்து ஜோடிக் கலப்பெண்களாகிவிட்டன. 16, 17 என்று இருந்தவை 16.73, கூட்டியும் கழித்தும் 2.81 கற்பனைப் பகுதி என்று மாறிப்போயின. 20 என்ற மூலம் 20.85-க்கு நகர்ந்தது. நிரலில் பிழையில்லை, இயந்திரத்திலும் பிழையில்லை. கெழுக்களாக எழுதி வைத்த முறையே அவ்வளவு நொய்மையானது. பல ஆண்டுகளுக்குப் பின், 1984-இல், பல்லுறுப்புக் கோவையின் இந்த நம்பிக்கைத் துரோகத்தைத் தலைப்பாகவே வைத்து வில்கின்சன் ஒரு கட்டுரை எழுதினார்.

அதிர்வுக் கணக்கில் இதன் பொருள் என்ன? 1 முதல் 20 வரையுள்ள எண்களைத் தணிப்பே இல்லாத ஒரு கட்டமைப்பின் அதிர்வெண்களின் வர்க்கங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அது ஒரே சீராக ஆடிக்கொண்டிருக்கும். ஒரு கோடியில் ஒரு பங்கு மாறிய கெழுக்களைப் பார்க்கும் கணினியோ, அதன் சில அதிர்வுகள் தானாகவே பெருகிப் பெருகிக் கட்டமைப்பை உடைத்துவிடும் என்று அறிக்கை கொடுக்கும். விமானத்தில் இதற்கு ஃப்ளட்டர் என்று பெயர். விமானிகள் உயிரிழக்கக் காரணமான நிகழ்வு. எண் வட்டமாக்கலில் பிறந்த பொய்யான ஃப்ளட்டரும், உண்மையான ஃப்ளட்டரும் அச்சிட்ட தாளில் ஒரே மாதிரி இருக்கும் என்பதே இதிலுள்ள பயங்கரம்.

கைக்கணக்குக் காலத்தில் இது வெளியே தெரியவில்லை. அதிர்வெண் தேடுகிறவர்கள் அணிக்கோவையை விரித்துப் பல்லுறுப்புக் கோவையாக்கி, மூலங்களைக் கண்டுபிடித்தார்கள். நாலைந்து படிகளோடு கணக்கு முடிந்துவிடும். ரஷ்யக் கப்பல் பொறியாளர் அலெக்சேய் கிரிலோவ் 1931-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையும், சிறு அதிர்வுகளின் அதிர்வெண்களுக்கான கோவையின் கெழுக்களைக் குறைந்த உழைப்பில் கண்டுபிடிப்பதைப் பற்றியதுதான். அணியை ஒரு திசையனால் பெருக்கு, வந்ததை மறுபடியும் பெருக்கு, மறுபடியும் பெருக்கு என்பது அவர் வழி. இருபது ஆண்டுகள் கழித்து லான்சோஸும் ஆர்னால்டியும் அதே பெருக்கல் தொடரை எடுத்துக்கொண்டார்கள். கோவையைத் தூக்கி எறிந்துவிட்டு, திசையன்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்றைய நாஸ்ட்ரானில் அதிர்வெண் கேட்டால் பெரும்பாலும் லான்சோஸ் முறைதான் ஓடுகிறது. மேட்லாபில் ஒரு கோவையின் மூலங்களைக் கேட்டாலோ, மென்பொருள் அதை ஓர் அணியாக மாற்றி அதன் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடித்துத் தருகிறது. கோவையிலிருந்து அணிக்கு, பழைய பாதையின் நேர் எதிர்த்திசை.

பின்னம் என்ற எண்ணம் மட்டும் சாகவில்லை. அதை யாரும் கைவிடவும் கூடாது. சிந்திப்பதற்கு அதைவிடச் சிறந்த வடிவம் கிடையாது. எழுதி வைப்பதற்குத்தான், அதிலும் கெழுக்களாக விரித்து எழுதி வைப்பதற்குத்தான், அது உதவாது. இந்த வேறுபாட்டைத் துறையின் திறமைசாலிகள் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் மூலையில் கண்டுகொண்டார்கள்.

காற்றியல் மூலையை எடுத்துக்கொள்வோம். ஆடும் இறக்கையைச் சுற்றியுள்ள காற்று உடனே ஒத்துப்போவதில்லை, பின்தங்கித்தான் வரும். அந்தப் பின்தங்கலை தியோடர் தியோடர்சன் 1935-இல் பெஸ்ஸல் சார்புகளால் எழுதினார். துல்லியம்தான், ஆனால் பல்லுறுப்புக் கோவை விகிதம் அல்ல. கட்டுப்பாட்டுக் கணக்கோடு சேராது. லேங்லி ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ஜோன்ஸ் அதற்கு இணையான காலச் சார்பை இரண்டே அடுக்குக்குறி உறுப்புகளால் தோராயப்படுத்தினார். 0.165, 0.0455, 0.335, 0.3 என்ற நான்கு எண்கள். அவற்றை உருமாற்றினால் மேலும் கீழும் இரண்டாம் படியே உள்ள பின்னம் கிடைக்கும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நான்கு எண்கள் பாடநூல்களிலும் நிரல்களிலும் அப்படியே இருக்கின்றன. ஜோன்ஸ் கல்லூரியில் ஓராண்டு மட்டுமே படித்தவர்; வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கிக்கொண்டே கணிதம் கற்றவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காற்றைப் பின்னமாக எழுதுவதன் முழுப் பயன் 1970களில் தெரிந்தது. பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்றை ஆய்வுக்காக மாற்றியமைத்து, ஃப்ளட்டர் வரும் வேகத்தைத் தாண்டியும் கட்டுப்பாட்டுக் கருவியின் பலத்தால் பறக்க முடியுமா என்று பார்த்தார்கள். 1973-இல் முடியும் என்று பறந்தே காட்டினார்கள். கருவியை வடிவமைக்கக் காற்றின் விசையைப் பின்னமாக எழுத வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தில் பணியாற்றிய போயிங் பொறியாளர் கென்னத் ரோஜர் 1977-இல் பதிவுசெய்த வடிவம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இரண்டாம் படிக் கோவை ஒன்று. அதோடு சில எளிய பின்னங்கள், ஒவ்வொன்றின் பகுதியும் முதல் படி மட்டும். எல்லாவற்றையும் பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்து ஒரே பெரிய பின்னமாக்க அவர் முயலவே இல்லை. அதற்கு ஒரு விலை உண்டு. 20 அதிர்வு வடிவங்களுக்கு நான்கு எளிய பின்னங்கள் என்றால் கணக்கில் 80 புதிய மாறிகள் வந்து சேரும். 1982-இல் மொர்தெகாய் கார்ப்பெல் அந்தச் சுமையைக் குறைக்கும் வழியைக் கொடுத்தார்.

சோதனைக்கூடத்து மூலையில் கதை இன்னும் சுவையானது. அங்கே சமன்பாடு கையில் இல்லை. அளந்த வரைபடம்தான் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் பின்னத்தைத் தேட வேண்டும். 1947-இல் கென்னடியும் பான்குவும் ஒவ்வோர் ஒத்ததிர்வுக்கு அருகிலும் அளவீடுகள் ஏறக்குறைய ஒரு வட்டத்தில் அமைவதைக் காட்டினார்கள். பொறியாளர்கள் தாளில் புள்ளி வைத்து வட்டம் வரைந்தார்கள். இரண்டு ஒத்ததிர்வுகள் நெருங்கி நின்றால் வட்டங்கள் ஒன்றையொன்று சிதைத்துவிடும்.

1959-இல் ஈ. சி. லெவி ஒரு குறுக்குவழி காட்டினார். பின்னத்தைப் பொருத்துவது நேரியல் கணக்கல்ல. ஆனால், இரு பக்கமும் பகுதியால் பெருக்கிவிட்டால் நேரியல் ஆகிவிடுகிறது. ஒரே மூச்சில் கெழுக்கள் கிடைத்துவிடும். குறை என்னவென்றால், பிழையும் அந்தப் பகுதியால் பெருக்கப்படுகிறது. ஒத்ததிர்வில் பகுதி மிகச் சிறியது. அங்கே உள்ள பிழை கணக்கில் தென்படாது. உயர்ந்த அதிர்வெண்ணில் பகுதி மிகப் பெரியது; அங்கே உள்ள இரைச்சல் ஆட்டிவைக்கும். எதை அளக்க வந்தோமோ அதற்கே மதிப்பு குறைந்துவிடுகிறது. 1963-இல் சனாதனனும் கோர்னரும் இதைத் திருத்தினார்கள். முதல் சுற்றில் கிடைத்த பகுதியால் அடுத்த சுற்றின் பிழையை வகுத்துக்கொள். சுற்றுகள் ஓட ஓட ஒவ்வொரு பிழைக்கும் தரும் மதிப்பு சரியாகும். அவர்கள் கட்டுரைத் தலைப்பே இரண்டு கலப்புப் பல்லுறுப்புக் கோவைகளின் விகிதமாக டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைத் தொகுப்பது பற்றியதுதான்.

1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட வேக ஃபூரியே முறை வந்ததும் நிலைமை மாறியது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஆயிரக்கணக்கான அதிர்வெண்களில் விடை வந்து கொட்டியது. அவ்வளவையும் பொருத்தும் பொறுப்பு மேசைக் கணினிக்கு வந்தது. அங்கேதான் எண்களின் பருமன் முட்டுக்கட்டையானது. 1,000 ஹெர்ட்ஸ் என்பது கோணக் கணக்கில் 6,283. அதன் பதினோராவது அடுக்கு 42 இலக்க எண். 32 பிட் எண் வடிவம் 39 இலக்கம் வரைதான் தாங்கும். 20 அதிர்வு வடிவங்களுக்கு வேண்டிய நாற்பதாவது அடுக்கோ 152 இலக்கம். 64 பிட் வடிவத்தில் அது அடங்கும், ஆனால் முதல் 16 இலக்கங்களுக்குமேல் நினைவிருக்காது. வில்கின்சன் கணக்கு ஏழாவது தசம இடத்திலேயே கவிழ்ந்ததை நினைத்தால், இதன் கதி புரியும்.

1982 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் அதிர்வு வடிவப் பகுப்பாய்வுக்கான முதல் சர்வதேச மாநாடு கூடியது. மார்க் ரிச்சர்ட்சனும் டேவிட் ஃபார்மென்டியும் அங்கே வாசித்த கட்டுரை, விகிதமுறு கோவைப் பொருத்தத்தைத் தொழிற்கூடத்துக்கு ஏற்றதாக்கியது. அவர்கள் எஸ்ஸின் அடுக்குகளை விட்டுவிட்டார்கள். அளந்த அதிர்வெண்களின் மீதே ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும் கோவைகளைக் கட்டி, பின்னத்தின் மேலையும் கீழையும் அவற்றால் எழுதினார்கள். டிஜிட்டல் கணினியில் அப்படிப்பட்ட கோவைகளைக் கட்டும் வழியை ஜார்ஜ் ஃபார்சைத் 1957-லேயே எழுதி வைத்திருந்தார். அதே பின்னம்தான், எழுதும் மொழி மட்டும் வேறு. ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த சமன்பாடுகள் பிரிந்து நின்றன. சாதாரண மேசைக் கணினியே விடை தந்தது.

பெல்ஜியத்தில் இன்னொரு வழி பிறந்தது. பிரஸ்ஸல்ஸ் வ்ரியே பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் கியோமும் சகாக்களும், லூவன் நகரின் எல்.எம்.எஸ். நிறுவனத்தாரோடு சேர்ந்து 2003-இல் அதை வெளியிட்டார்கள். எஸ் என்ற மாறியையே மாற்றி, அலகு வட்டத்தின் மீது சுற்றும் மாறியை வைத்தார்கள். அந்த வட்டத்தில் எந்த எண்ணை எத்தனை முறை பெருக்கினாலும் அதன் அளவு 1-ஆகவே இருக்கும். 152 இலக்கத்துக்கு இடமே இல்லை. பாலிமேக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த முறை, கார்த் தொழிற்சாலை முதல் விமானத் தரைச்சோதனை வரை பரவியது. படியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்போது இடம் மாறாமல் நிற்கும் துருவங்களை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். கணக்கு பெற்ற பொய்த் துருவங்கள் படிக்குப் படி அலையும். கட்டமைப்பின் துருவங்கள் அசையாது.

மின்துறையிலும் இதே பாடம் தனியே கற்கப்பட்டது. நார்வேயின் பியோர்ன் குஸ்தாவ்சனும் டொரன்டோவின் ஆடம் செம்லியனும் 1999-இல் கொடுத்த முறையில் கெழுக்களே கிடையாது; துருவங்களை ஊகித்து, ஒவ்வொரு சுற்றிலும் இடம் நகர்த்தி, சிறு பின்னங்களின் கூட்டலாகவே கடைசிவரை வைத்திருக்கிறார்கள். கணிதர்களான நகாட்சுகாசா, செட், ட்ரெஃபெதென் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஏஏஏ முறையும் கோவைகளை விரித்து எழுதுவதில்லை. இதில் லெவியின் நேரியல் தந்திரமும் உள்ளே இருக்கிறது, வேறு அடித்தளத்தின் மேல்.

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் கட்டுப்பாட்டியல் தாளில் வருகிறது. எண்முறைப் பிழைகள் வேறு தாளில், வேறு பருவத்தில் வருகின்றன. இரண்டும் சந்திக்காமலேயே மாணவர் பட்டம் வாங்கிவிட முடிகிறது. தேர்வுக் கணக்கில் இரண்டாம் படி, மூன்றாம் படிதான் வரும் என்பதால் கெழுக்களின் சுபாவம் அங்கே தெரிவதில்லை. ஆசிரியர்கள் ஒரே ஒரு வகுப்பு மணி நேரத்தை வில்கின்சன் கோவைக்கு ஒதுக்கலாம். 210-ஐ 210.00000012 ஆக்கி, மூலங்களைத் திரையில் வரைந்து காட்ட இலவச மென்பொருளே போதும்.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னும் நேரடியாகச் சொல்லலாம். உங்கள் மென்பொருள் மேலே நாற்பது, கீழே நாற்பத்தொன்று என்று கெழுக்களைக் கோப்பாகக் கொடுத்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பிவிடாதீர்கள். துருவங்களும் அவற்றின் எச்சங்களும் அடங்கிய பட்டியலையோ, நிலைமாறி அணிகளையோ கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்ட ஏற்றுமதி வசதி பெரும்பாலான மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது.